சிறிய அறைக்கு எந்த ஹார்ன்?

சித்தூரில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பாட்டுக் கேட்கும் நம் சங்க நண்பர் ஒருவர், ஹார்ன் ஒலிபெருக்கி வாங்கலாமா என்று கேட்டார். துணைவியாருக்குக் காது மங்கி வருகிறதாம். சத்தத்தைக் கூட்டினால் அண்டை வீட்டார் கதவைத் தட்டுகிறார்களாம். (செவி மருத்துவரை முதலில் பாருங்கள் என்றேன்.)

ரயில் நடைமேடையில் கேட்கும் குழாய் வேறு, வீட்டுக்கானது வேறு. ஹார்னின் வாய்ச் சுற்றளவு எவ்வளவோ, ஏறக்குறைய அந்த அலைநீளம் வரைதான் அது ஒலியை நன்கு தள்ளும். 36 செ.மீ. குறுக்களவுள்ள வாய்க்கு எல்லை சுமார் 300 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே மிருதங்கத்தின் தொப்பி மெலிந்துவிடும். வண்டி அறிவிப்புக்கு இது போதும். அரியக்குடி பாட்டுக்குப் போதாது! 100 ஹெர்ட்ஸ் வரை இறங்க ஒரு மீட்டருக்கு மேல் அகன்ற வாய் வேண்டும். ஹார்ன் அறையில் இருக்கும், நாம் திண்ணையில் உட்கார வேண்டியதுதான்.

ஆகவே தாழ்ந்த ஒலிக்குக் காகிதக் கூம்பு, மேல் ஒலிக்கு மட்டும் சிறிய ஹார்ன் என்ற கலப்புப் பெட்டியே சரி. ஹார்ன் ஒலியை ஒரு பக்கமாகக் குவிப்பதால் சுவர் எதிரொலி குறைந்து, சத்தத்தைக் கூட்டாமலே சொற்கள் தெளியும். அந்த அம்மாளுக்கு வேண்டியது அதுதான். அதைக் காது உயரத்தில், அவர் நாற்காலியை நோக்கித் திருப்பி வையுங்கள். அந்த அறைக்கு 10 வாட் ஆம்ப்ளிஃபயர் போதும்.

வாங்குமுன் தெரிந்த வாய்ப்பாட்டு ஒன்றைப் போட்டு, அவரையே கேட்கச் சொல்லுங்கள். மூக்கால் பாடுவதுபோல் இருந்தால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.