வருமானத்துக்கு முன்பே வந்துவிடும் குப்பை

பொருளாதாரம் வளர வளரக் குப்பையும் பெருகும் என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு அதிகமில்லை. உலக வங்கி 2018-இல் வெளியிட்ட கணக்கின்படி, மக்கள்தொகையில் 16 விழுக்காட்டினரே வாழும் உயர்வருமான நாடுகளிலிருந்து உலகக் குப்பையில் 34 விழுக்காடு வருகிறது. வருமானம் ஒரு கட்டம்வரை உயரும்போது சுற்றுச்சூழல் கெடும், அதற்குமேல் உயர்ந்தால் தானே சீர்படும் என்று சொல்லும் கருதுகோளுக்குச் சூழலியல் குஸ்நெட்ஸ் வளைவு என்று பெயர். காற்றில் கலக்கும் கந்தக மாசுக்கு ஓரளவு பொருந்திய இந்த வளைவு, நகரக் குப்பைக்குப் பொருந்தவில்லை என்பதை 1992-ஆம் ஆண்டின் உலக வளர்ச்சி அறிக்கையே காட்டிவிட்டது. செல்வ நாடுகளுக்குக் குப்பையைக் குறைக்கத் தெரிந்ததைவிட, கண்ணில் படாமல் அப்புறப்படுத்தப் பணமிருந்தது என்பதே சரி. மானாவாரிப் பூமியான அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்குகளில் பிடிபடாத ஒன்று தெரியவருகிறது: வருமானம் வந்து சேருமுன்பே குப்பை வந்துவிடுகிறது.

இந்தக் கரிசல் காட்டில் முன்பு வீணாய்ப் போன பொருள் மிகக் குறைவு. பருத்திமார் அடுப்புக்குப் போனது; சாணமும் சாம்பலும் கூளமும் குப்பைக்குழியில் மக்கி, கோடையில் மாட்டுவண்டியேறிப் புஞ்சைக்குப் போயின. பஞ்சாலையின் கழிவுப்பஞ்சைத் தடித்த நூல் நூற்போர் வாங்கினர். தறிகளில் மிஞ்சிய நூற்சிக்கு இன்றும் பட்டறைகளில் கிரீஸ் துடைக்கும் காட்டன் வேஸ்ட்டாகப் பயன்படுகிறது. ஏழ்மை கற்றுக்கொடுத்த சிக்கனம் இதில் பெரும்பங்கு என்பதால், இதைப் பொற்காலம் என்று கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு கழிவுக்கும் போய்ச்சேர ஓர் இடமும் இருந்தது, கேட்டுவாங்க ஓர் ஆளும் இருந்தார்.

டிராக்டர் வந்து உழவுமாடுகள் குறைந்தபோது குப்பைக்குழிக்குச் சாணமும் இல்லை, எருவடிக்க வண்டியும் இல்லை என்றாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில்தான் சாசே எனப்படும் சிறு பொட்டலமும் ஊருக்குள் நுழைந்தது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் இந்த முறைக்கு முன்னோடி. அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு அதைக் கிராமங்கள்வரை கொண்டுசென்றது. முழுப் புட்டி வாங்க இயலாத தினக்கூலிக் குடும்பமும் ஒரு தலைமுழுக்குக்கான ஷாம்பு வாங்க முடிந்தது பொருளாதார நோக்கில் ஒரு முன்னேற்றமே. ஆனால் பல அடுக்குப் பிளாஸ்டிக்கையோ, பிளாஸ்டிக்கோடு அலுமினியத்தையோ ஒட்டிச் செய்யப்படும் அந்த உறை மாட்டுக்குத் தீனியாகாது, அதை மண் மக்கச் செய்யாது, எடைக்கு எடுக்கும் பழைய இரும்புக்காரரும் தொடமாட்டார். வசதி படைத்தோரின் வீட்டுக் குப்பை, வசதி வருமுன்பே ஏழைகளின் தெருவுக்கு வந்தது இப்படித்தான்.

அதை அள்ளும் பொறுப்பில்தான் ஏற்றத்தாழ்வு வெளிப்படுகிறது. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 88 ஆயிரம் பேர் வாழ்ந்த அருப்புக்கோட்டை ஒரு நகராட்சி. சொத்துவரி, வண்டிகள், தூய்மைப் பணியாளர்கள் என ஓர் அமைப்பு அதற்கு உண்டு. வட்டத் தலைநகராகவும் சட்டமன்றத் தொகுதியாகவும் இருந்தும் திருச்சுழி கிராம ஊராட்சிதான். கடைவீதியும் பேருந்து நிறுத்தமும் அலுவலகங்களும் நகரத்துக் குப்பையைத் தர, அதை வாரவேண்டியதோ வீட்டுவரியையும் நிதிக்குழு மானியத்தையும் நம்பியிருக்கும் ஊராட்சி நிர்வாகமும் அதன் தூய்மைக் காவலர்களும். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016-இல் திருத்தி எழுதப்பட்டபோதுகூட நகர அமைப்புகள், கணக்கெடுப்பு நகரங்கள், தொழில் நகரியங்கள், புனிதத் தலங்கள் போன்றவை பட்டியலில் இடம்பெற்றனவே தவிர, சாதாரணக் கிராம ஊராட்சி இடம்பெறவில்லை. குப்பை அந்த எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்பதில்லை.

வறண்ட நிலத்துக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. ஆண்டில் பல மாதம் காய்ந்து கிடக்கும் கண்மாயும் வரத்துக்காலும் பார்ப்பவருக்குத் தரிசு போலத் தோன்றுவதால், கொட்டுமிடமாக அவை மாறுவது எளிது. காற்றில் பறக்கும் பைகள் சீமைக்கருவேல முள்ளில் தொங்குகின்றன. எஞ்சியதற்குத் தீ வைத்தால் புகை ஊருக்குள் இறங்குகிறது. ஐப்பசியில் முதல் வெள்ளம் வரும்போது அத்தனையும் வரத்துக்காலில் உருண்டு மடையை அடைக்கிறது. அருப்புக்கோட்டைக்காரருக்குக் கண்ணுறுத்தலாகும் குப்பை, கண்மாயை நம்பிய சம்சாரிக்குப் பாசனத் தடையாகிறது.

மக்கும் குப்பையைப் பிரித்து உரமாக்குவதற்கு இங்கு நியாயம் அதிகம், எருவுக்கு ஏங்கும் மண் பக்கத்திலேயே இருக்கிறது. ஆயினும் கண்ணாடிச் சில்லும் பொட்டல உறையும் கலந்த உரத்தை எந்தச் சம்சாரியும் புஞ்சையில் போட ஒப்பமாட்டார். ஆகவே வீட்டு வாசலில் பிரிக்காவிட்டால் உரக்கூடத்தில் செலவழித்தும் பயனில்லை. மக்காத உறைக்கு, அதைச் சந்தைக்கு அனுப்பிய நிறுவனமே பொறுப்பேற்கவேண்டும் என்ற கொள்கைக்கு 2022-இல் ஒன்றிய அரசு விரிவான நெறிமுறை வகுத்தது. நிறுவனங்கள் தங்கள் அளவுக்கு ஈடான பிளாஸ்டிக்கை மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழை விலைக்கு வாங்கிக் கணக்கை நேர்செய்துகொள்ளவும் அதில் இடமுண்டு. அந்தப் பிளாஸ்டிக் எந்த ஊரில் திரட்டப்பட்டதாகவும் இருக்கலாம். சேகரிப்பு மலிவாக முடியும் பெருநகரத்தில் சான்றிதழ் பிறந்துவிட்டால், திருச்சுழிக் கடைவீதியில் கிடக்கும் உறையை அள்ளும் கூலி ஊராட்சியின் கணக்கிலேயே நிற்கும்.