எவ்வளவு? எத்தனை தடவை? - போல்ற் இணைப்பும் பாரந்தூக்கியின் வேலை வகுப்பும்



"10 தொன் தூக்கக்கூடிய இரண்டு பாரந்தூக்கிகள் உள்ளன. இரண்டினதும் உறுதி சமமா?" என்று வகுப்பில் கேட்டால் "ஓம் சேர், சமம்" என்ற விடையே பெரும்பாலும் வரும். அது பிழையான விடை. ஏன் பிழை என்பதை இப்பாடத்தின் முடிவில் நீங்களே கணித்துக் காட்டுவீர்கள். அதற்கு விஞ்ஞானத்தில் கற்ற உராய்வும் விசையின் திருப்பமும் போதும். கலைத்துறையில் பட்டம் பெற்ற எனக்கே இது விளங்கியது. உங்களுக்கு விளங்காமற் போகாது.

1. போல்ற் செய்யும் வேலை என்ன?

இரண்டு உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, துளையிட்டு, போல்ற்றும் நட்டும் போட்டு இறுக்குகிறோம். தகடுகளை எதிரெதிர்த் திசைகளில் இழுத்தால் அவற்றை விலகாமல் வைத்திருப்பது எது? "துளைக்குள் இருக்கும் போல்ற்றின் தண்டு" என்று பலர் எழுதுவர். இது பாதி விடை மட்டுமே.

ஒரு சிறு பரிசோதனை செய்யுங்கள். பத்து அப்பியாசக் கொப்பிகளை வரிசையாக நிறுத்தி, இரு பக்கமும் உள்ளங்கைகளால் நன்றாக அழுத்தித் தூக்குங்கள். நடுவிலுள்ள கொப்பிகளுக்குக் கீழே எந்தத் தாங்கலும் இல்லை. ஆயினும் அவை விழுவதில்லை. கையை இலேசாகத் தளர்த்தினால் விழுந்துவிடும். கொப்பிகளைத் தாங்கியது உராய்வு. உராய்வைத் தந்தது உங்கள் கைகளின் அழுத்தம்.

போல்ற் இணைப்புகளும் இரண்டு வகைப்படும்.

(அ) தாங்கல் வகை: தகடு சற்று வழுக்கிப் போல்ற்றின் தண்டில் முட்டும். தண்டைக் குறுக்காக அறுக்க முயலும் விசையைத் தண்டே தாங்கும்.

(ஆ) உராய்வுப் பிடிப்பு வகை: போல்ற் மிகவும் இறுக்கப்படுவதால் அது சற்று நீண்டு, மீள்தன்மையால் பழைய நீளத்துக்குத் திரும்ப முயன்று, தகடுகளை நெரித்துப் பிடிக்கும். தகடுகள் வழுக்குவதே இல்லை.

அதிர்வும் மாறிமாறி வரும் சுமையும் உள்ள இடங்களில் இரண்டாம் வகையே விரும்பப்படும். காரணத்தைப் பகுதி 4 இல் பார்ப்போம்.

2. போல்ற்றின் தலையிலுள்ள இலக்கம்

கராஜிலோ இரும்புக் கடையிலோ ஒரு போல்ற்றின் தலையைப் பாருங்கள். 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். அது அளவு அன்று, வலிமை வகுப்பு.

• முதல் இலக்கத்தை 100 ஆற் பெருக்கினால் அறும் தகைப்புக் கிடைக்கும். 8.8 போல்ற்றுக்கு இது சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூற்றன்.
• இரண்டாம் இலக்கம், போல்ற் நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை அதில் பத்தில் எத்தனை பங்கு என்பதைக் காட்டும். 800 × 0.8 = 640 நியூற்றன்.

இதேபோல 4.6 போல்ற்றுக்கு 400, 240, 10.9 போல்ற்றுக்கு 1000, 900. ஒரே பருமனுள்ள இரண்டு போல்ற்றுகளைப் பார்த்து "இதுவும் அதுவும் ஒன்றுதான்" என்று மாற்றிப் போடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

3. எவ்வளவு இறுக்க வேண்டும்?

20 மில்லிமீற்றர் விட்டமுள்ள 8.8 போல்ற் ஒன்றை எடுப்போம். புரி வெட்டப்பட்டிருப்பதால் விசையைத் தாங்கும் பரப்பளவு 245 சதுர மில்லிமீற்றர் மட்டுமே. உராய்வுப் பிடிப்பு இணைப்பில், அறும் விசையின் 0.7 பங்கு வரை இறுக்குவது வழக்கம்.

இறுக்க விசை = 0.7 × 800 × 245 = 137 200 நியூற்றன், அதாவது ஏறத்தாழ 137 கிலோநியூற்றன்.

இனி உராய்வு. எல்லை உராய்வு விசை = உராய்வுக் குணகம் × செவ்வன் விசை.

• துப்புரவு செய்யாத சாதாரண உருக்கு மேற்பரப்பு, குணகம் 0.2: 0.2 × 137 = 27.4 கிலோநியூற்றன்.
• மணிகளை வீசியடித்துத் துப்புரவாக்கிய மேற்பரப்பு, குணகம் 0.5: 0.5 × 137 = 68.5 கிலோநியூற்றன்.

போல்ற் ஒன்றே, இறுக்கமும் ஒன்றே. மேற்பரப்பு மாறியதால் தாங்கும் விசை இரண்டரை மடங்காயிற்று. இணையும் முகத்தில் எண்ணெய் பட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். (உண்மையான வடிவமைப்பில் இப்பெறுமானங்களைப் பாதுகாப்புக் காரணியாற் குறைத்தே பயன்படுத்துவர்.)

இந்த இறுக்கத்தைக் கையாற் பெறலாமா? தேவையான திருப்பம் அண்ணளவாக 0.2 × விட்டம் × இறுக்க விசை ஆகும்.

0.2 × 0.02 × 137 000 = 548 நியூற்றன் மீற்றர்.

அரை மீற்றர் நீளமான ஸ்பானரின் நுனியில் 548 ÷ 0.5 = 1096 நியூற்றன் கொடுக்க வேண்டும். இது ஏறத்தாழ 110 கிலோகிராம் திணிவின் நிறை. எனவே "கை வலிக்கும்வரை இறுக்கினேன்" என்பது அளவீடு ஆகாது. திருப்பத்தை அளந்து காட்டும் நீண்ட ஸ்பானர் தேவை.

4. எத்தனை தடவை?

கட்டுக்கம்பித் துண்டொன்றைக் கையால் இழுத்து அறுக்க முடியாது. முன்னும் பின்னுமாகப் பல தடவை வளைத்தால் முறிந்துவிடும். உலோகம் ஒரு தடவை தாங்கும் விசையைவிட மிகக் குறைந்த விசையும், பல்லாயிரம் தடவை மாறிமாறி வந்தால், சிறு வெடிப்பைத் தோற்றுவித்து மெல்ல வளர்த்து இறுதியில் முறிக்கும். இதுவே உலோகக் களைப்பு.

நன்கு இறுக்கிய போல்ற் களைப்பிலிருந்து எப்படித் தப்புகிறது? அது தகடுகளை ஏற்கெனவே நெரித்து வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் இழுவையின் பெரும்பகுதி அந்த நெரிப்பைக் குறைப்பதிலேயே செலவாகும். சிறு பகுதி மட்டுமே போல்ற்றில் மேலதிகமாகச் சேரும். தளர்ந்த போல்ற்றிலோ ஒவ்வொரு தடவையும் முழு இழுவையும் போல்ற்றின்மீதே விழும். ஆகவே தளர்ந்த போல்ற் விரைவில் களைக்கும்.

இது வெறும் பாடநூற் கதையன்று. 2009 ஓகஸ்ட் 17 இல் ரஷ்யாவின் சயானோ-சுசென்ஸ்காயா நீர்மின் நிலையத்தில் 2ஆம் இலக்கச் சுழலியின் மூடி பெயர்ந்து, நீர் பாய்ந்து, 75 பேர் உயிரிழந்தனர். அந்த மூடியை 80 புரியாணிகள் பிடித்திருந்தன. பின்னர் மீட்டுப் பரிசோதித்த 49 இல் 41 இற் களைப்பு வெடிப்புகள் காணப்பட்டன. நீரின் அழுக்கம் அன்று மட்டும் திடீரெனக் கூடிவிடவில்லை. நெடுநாள் அதிர்வு ஆணிகளை உள்ளே அரித்திருந்தது.

5. பாரந்தூக்கியின் வேலை வகுப்பு

பாரந்தூக்கி ஒவ்வொரு தடவை தூக்கி இறக்கும்போதும் அதன் வளைகள், இணைப்புகள் எல்லாம் ஒரு தடவை வளைந்து நிமிரும். கட்டுக்கம்பியின் கதைதான். எனவே "எத்தனை தொன்?" என்பதோடு வேறு இரண்டு வினாக்களும் கேட்கப்படும். 1986 இல் வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 4301 நியமம் (2016 இல் திருத்தப்பட்டது) அவற்றைப் பின்வருமாறு வகுத்தது.

(அ) ஆயுட்காலத்தில் எத்தனை தடவை தூக்கும்? யூ0 முதல் யூ9 வரை. உதாரணமாக யூ2: ஏறத்தாழ 32 000 முதல் 63 000 வரை, யூ6: 500 000 முதல் 1 000 000 வரை.

(ஆ) தூக்கும் பாரங்கள் எவ்வளவு கனமானவை? கியூ1 முதல் கியூ4 வரை. இங்கு பாரத்தின் விகிதம் மூன்றாம் அடுக்கில் எடுக்கப்படும். பாதிப் பாரத்தைத் தூக்கினால் பாதிப்பு 0.5 × 0.5 × 0.5 = 0.125, அதாவது எட்டில் ஒரு பங்கு. சுமைக் காரணியின் மேல் எல்லைகள்: கியூ1 - 0.125, கியூ2 - 0.25, கியூ3 - 0.5, கியூ4 - 1.

இரண்டையும் சேர்த்தே ஏ1 முதல் ஏ8 வரையான வகுப்புத் தீர்மானிக்கப்படும். 1986 அட்டவணையை மனனம் செய்ய ஒரு சுலப வழி: யூ இலக்கத்தையும் கியூ இலக்கத்தையும் கூட்டி 2 ஐக் கழியுங்கள்.

6. செய்து காட்டிய கணக்கு

இரண்டு பாரந்தூக்கிகளும் 10 தொன். இரண்டும் வருடத்துக்கு 300 நாட்கள் வீதம் 20 வருடங்கள் வேலை செய்யும் எனக் கொள்க.

முதலாவது, ஒரு பழுதுபார்க்கும் வேலைத்தலத்தில் நாளொன்றுக்கு 10 தடவை தூக்கும். அவற்றில் 1 முழுப் பாரம், 9 பாதிப் பாரம்.
மொத்தம்: 10 × 300 × 20 = 60 000. எனவே யூ2.
சுமைக் காரணி: 0.1 × 1 + 0.9 × 0.125 = 0.2125. எனவே கியூ2.
வகுப்பு: 2 + 2 - 2 = 2. விடை ஏ2.

இரண்டாவது, ஓர் உருக்குக் களஞ்சியத்தில் நாளொன்றுக்கு 100 தடவை தூக்கும். அவற்றில் 40 முழுப் பாரம், 60 பாதிப் பாரம்.
மொத்தம்: 100 × 300 × 20 = 600 000. எனவே யூ6.
சுமைக் காரணி: 0.4 × 1 + 0.6 × 0.125 = 0.475. எனவே கியூ3.
வகுப்பு: 6 + 3 - 2 = 7. விடை ஏ7.

இரண்டின் பக்கத்திலும் "10 தொன்" என்றே எழுதியிருக்கும். ஆனால் முதலாவதைக் கொண்டுபோய் இரண்டாவதன் இடத்தில் பூட்டினால், அது முதல் நாள் முறியாது. ஒரு வருடம் நன்றாகவே வேலை செய்யக்கூடும். ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

7. பயிற்சி வினாக்கள்

1. 10.9 போல்ற்றின் அறும் தகைப்பு யாது?
2. உராய்வுப் பிடிப்பு இணைப்பின் முகங்களில் எண்ணெய் பூசக்கூடாது. ஏன்?
3. யூ4, கியூ3 உடைய பாரந்தூக்கியின் வகுப்பு யாது?

விடைகள்: (1) சதுர மில்லிமீற்றருக்கு 1000 நியூற்றன். (2) உராய்வுக் குணகம் குறைவதால் எல்லை உராய்வு விசை குறைந்து தகடுகள் வழுக்கும். (3) ஏ5.

கவனிக்க: பரீட்சையில் "பாரந்தூக்கி வகுப்பு" என்று நேரடியாகக் கேட்காமல் விடலாம். ஆனால் "காரணம் கூறுக" என்று வரும் உராய்வு, திருப்பம் பற்றிய வினாக்களுக்கு இங்குள்ள உதாரணங்கள் கைகொடுக்கும். உங்களிற் சிலர் நாளை கராஜிலோ துறைமுகத்திலோ கட்டட வேலைத்தளத்திலோ நிற்பீர்கள். அங்கு ஒரு நட்டை இறுக்குமுன் "எவ்வளவு?" என்றும், ஒரு பாரத்தைத் தூக்குமுன் "எத்தனை தடவை?" என்றும் கேளுங்கள். அந்த வினாக்களுக்குப் புள்ளி கிடைக்காது. கீழே நிற்பவரின் உயிர் கிடைக்கும்.