ஜன்னலும் மெத்தையும் ஒரே படத்தில்

கோவை ரேஸ் கோர்ஸில் விவாண்டாவும் வெல்கம்ஹோட்டலும் இருக்கின்றன. நீலாம்பூரில் லீ மெரிடியன். இப்படி ஏதாவது ஒரு நட்சத்திர ஹோட்டலின் அறைப் படத்தைத் திறந்து பாருங்கள். சுருக்கமில்லாத மெத்தை விரிப்பு, மஞ்சளாகக் கசியும் மேசை விளக்கு, ஜன்னலுக்கு வெளியே மரங்களும் வானமும். சாதாரணப் படம் போலத்தான் தெரியும். ஆனால் அந்த ஜன்னலும் மெத்தையும் ஒன்றாகத் தெளிவாகத் தெரிவதற்குள் எத்தனை வேலை நடந்திருக்கிறது!

ஒரு மெழுகுவத்தி ஒரு மீட்டர் தள்ளித் தரும் வெளிச்சம் ஏறக்குறைய 1 லக்ஸ். விளக்கு எரியும் ஹோட்டல் அறையில் 100, 200 லக்ஸ் இருக்கும். வெளியே உச்சி வெயிலில் அது 1 லட்சம் லக்ஸ். திரைச்சீலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆயிரம் மடங்கு வேறுபாடு! நல்ல தாளில் அச்சிட்ட படத்திலோ வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையே சுமார் 100 மடங்குதான் கிடைக்கும். ஆகவே ஒரே அமுக்கில் எடுத்தால், மெத்தை தெரியும்போது ஜன்னல் வெளுத்துப்போகும். ஜன்னல் தெரிந்தால் அறை நெல் குதிருக்குள் பார்த்தது போல இருண்டுவிடும்.

நம் கண்ணுக்கு மட்டும் இந்தச் சிக்கல் ஏன் வருவதில்லை? நாம் அறையை ஒரே பார்வையில் பார்ப்பதே இல்லை. மெத்தையைப் பார்க்கையில் கண் ஒரு விதமாகத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது, ஜன்னலுக்குத் திரும்பியதும் வேறு விதமாக. மூளை இரண்டையும் சத்தமில்லாமல் ஒட்டுப்போட்டு ஒரே காட்சியாகத் தருகிறது. புகைப்படக்காரர் செய்வதும் அதுதான். முக்காலியில் கேமராவை அசையாமல் நிறுத்தி, ஒன்றைவிட ஒன்று இரண்டு மடங்கு, நான்கு மடங்கு வெளிச்சம் வாங்கும்படி ஐந்தாறு படங்கள் எடுக்கிறார். ஒன்றிலிருந்து ஜன்னல், இன்னொன்றிலிருந்து மெத்தை, மற்றொன்றிலிருந்து கட்டிலுக்கடியில் கிடக்கும் நிழல் என்று எடுத்துக் கணினியில் அடுக்குகிறார். கோவையில் இதற்கு ஆடி மாதம் பெரிய சோதனை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று மேகங்களை விரட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு அமுக்குகளுக்கு நடுவே ஒரு மேகம் சூரியனைக் கடந்துவிட்டால் மொத்த வரிசையையும் திரும்ப எடுக்க வேண்டும்.

வெளிச்சத்தின் அளவு முடிந்தால் அதன் நிறம். வார்ப்படச் சாலை பக்கம் போய் வந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். இரும்பு சூடேறும்போது முதலில் சிவக்கும், பிறகு ஆரஞ்சாகும், மேலும் ஏறினால் மஞ்சளாகி வெளுக்கும். இதை வைத்துத்தான் ஒளியின் நிறத்தை வெப்ப அளவால் சொல்கிறார்கள். ‘நிற வெப்பநிலை’ என்று பெயர். அலகு கெல்வின். உருகிய வார்ப்பிரும்பு சுமார் 1,700, குண்டு பல்பு 2,700, பகல் வெயில் 5,500. ஒரே அறையில் விளக்கும் வெயிலும் கலந்தால் தலையணையின் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி நீலமாகவும் பதிவாகும். இரண்டுமே வெள்ளை என்று மூளை நம்மைச் சமாதானப்படுத்திவிடுகிறது. கேமராவுக்கு அந்தத் தயவு கிடையாது. அதனால் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றித் தனித்தனிப் படம் எடுத்து, நிறம் திருத்தி, பிறகு சேர்ப்பவர்கள் உண்டு.

சிங்காநல்லூரில் 1930-களில் தொடங்கிய சென்ட்ரல் ஸ்டுடியோ போன்ற படப்பிடிப்புத் தளங்களில் ஒரு வசதி இருந்தது. செட்டுக்குக் கூரை தேவையில்லை. கேமரா பின்னால் போக ஒரு சுவரையே எடுத்துவிடலாம். ஹோட்டல் அறையில் நான்கு சுவர்களும் கூரையும் அப்படியே நிற்கும். குளியலறைக் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். அதற்குத்தான் அகலப் பார்வை லென்ஸ். அதற்கும் ஒரு விலை உண்டு. 24 மி.மீ. லென்ஸில் படத்தின் பக்க ஓரத்தில் இருக்கும் உருண்டை கால் பங்கு நீண்டுவிடும். ஆரஞ்சுப் பழம் முட்டையாகிவிடும். பழத் தட்டை எப்போதும் ஓரத்திலிருந்து நகர்த்தி வைப்பது இதனால்தான்.

இன்னொரு தொல்லை, சுவர்கள். கூரையும் தெரியட்டும் என்று கேமராவைச் சற்று மேலே சாய்த்தால் செங்குத்துச் சுவர்கள் கோபுரம் போல உள்ளே சாயும். இதற்குக் கிடைத்த விடையில் எனக்கு இன்னும் வியப்பு தீரவில்லை: கேமராவைச் சாய்க்காதே, லென்ஸை மட்டும் மேலே நகர்த்து! துருத்தி வைத்த பழைய மரக் கேமராக்களில் இருந்த உத்தி இது. 1960-களின் தொடக்கத்தில் நிக்கான் இதைச் சிறிய கேமராவுக்கான லென்ஸுக்குள் கொண்டுவந்தது. கேனனின் 17 மி.மீ. நகர்வு லென்ஸ் 12 மி.மீ. நகரும், பதிவாகும் படத்தின் உயரமே 24 மி.மீ.தான்.

அதே லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தினால் இன்னொரு வித்தை. குளியலறைக் கண்ணாடிக்கு நேராக நின்றால் கேமராவும் ஆளும் அதில் தெரிவார்கள். எனவே கண்ணாடியின் விளிம்பைத் தாண்டி ஒதுங்கி நின்று, கேமராவைச் சுவருக்கு நேராகவே வைத்து, லென்ஸை மட்டும் கண்ணாடிப் பக்கம் தள்ளுகிறார்கள். நேரெதிரே நின்று எடுத்தது போன்ற படம் வருகிறது. கண்ணாடியில் ஆளே இல்லை.

நாள் முழுக்க எடுத்தாலும் எல்லோரும் காத்திருப்பது அந்திக்குத்தான். வானம் இருண்டுகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அறை விளக்குகளின் அளவுக்குச் சமமாகிறது. உச்சி வெயிலில் இருந்த ஆயிரம் மடங்கு வேறுபாடு தானாகவே கரைந்துவிடும். லண்டனில் ஜூன் மாத அந்தி முக்கால் மணி நேரம் நீடிக்கும். கோவை இருப்பது 11 பாகை வடக்கில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர்க்குத்தாக இறங்குவதால் 20 நிமிடத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.  அதிலும் வானமும் விளக்கும் ஈடாக நிற்பது சில நிமிடங்கள்தான்.

அதையும் தவறவிட்டால் ஜன்னல் கட்சி மாறிவிடும். ஜன்னல் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் சுமார் 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. பகலில் வெளியே இருக்கும் பிரகாசத்தில் அது கண்ணுக்குப் படாது. வெளியே இருட்டியதும் அந்த 8 விழுக்காடுதான் மிஞ்சும். வெளிக்காட்சி மறைந்து, மெத்தையும் விளக்கும் முக்காலியும் கண்ணாடியில் வந்து நிற்கும். அப்போது உதவியாளர் ஒருவர் பெரிய கறுப்புத் துணியைக் கேமராவுக்குப் பின்னால் விரித்துப் பிடிக்கிறார். துணியின் கருமை விழுந்த இடத்தில் மட்டும் பிம்பம் அழிய, அதன் வழியே அவினாசி சாலையின் விளக்குகள் மறுபடி தெரிகின்றன.