வளர்ப்பு நாயும் அண்டை வீட்டு வாசலும்

விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடும் வேளையில்தான் இச்சண்டை தொடங்குகின்றது. அடுத்த வீட்டு நாய் அங்கே அசுத்தம் செய்திருக்கும். கேட்டால், "அது ஊர் நாய்" என்று விடை வரும். இரவெல்லாம் காவலுக்குத் தம் நாய், பொழுது விடிந்தால் ஊர் நாய்! நாள்தோறும் சோறிட்டு வளர்ப்பவரே அதற்குப் பொறுப்பாளி என்று கொள்வதே நியாயமென நாம் கருதுகின்றோம்.

நாயின் மலத்தைச் சாணம்போல் எண்ணிவிடலாகாது. சாணம் எருவாகும், இதிலோ கொக்கிப்புழு, உருளைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் இருக்கக்கூடும். கொக்கிப்புழுவின் இளம்புழு, ஈரமண்ணில் வெறுங்காலுடன் நடப்போரின் தோலைத் துளைத்து அரிப்பை உண்டாக்கும். உருளைப்புழுவின் முட்டை பல மாதங்கள் மண்ணில் கெடாதிருந்து, மண்ணளைந்த கையோடு உண்ணும் குழந்தையின் வயிற்றை அடையும். சில வேளைகளில் கண்ணையும் கெடுக்கும். ஆதலின் நாய் வளர்ப்போர் இரவில் அதனைத் தம் கொல்லையிலேயே கட்டி, மலத்தை அன்றன்றே கிணற்றுக்கு எட்டத்தில் ஆழப் புதைத்தல் வேண்டும். கால்நடை மருந்தகத்தில் குடற்புழு மருந்தும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசியும் கொடுத்து வருதல் வேண்டும்.

சினம் முற்றிச் சோற்றில் நஞ்சு வைப்பாரும் உளர். அதனைக் கோழியும் தின்னும். மேலும், 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா, 325ஆம் பிரிவில், இக்குற்றத்திற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கின்றது. வாய்ச்சண்டையாக இருக்கும்போதே பஞ்சாயத்து உறுப்பினர் இரு வீட்டாரையும் அழைத்து, நாயை எங்கே கட்டுவது, அசுத்தத்தை யார் அள்ளுவது என்னும் இரண்டை மட்டும் பேசி முடித்து, பத்து நாள் கழித்து அவ்வாசலை மீண்டும் ஒருமுறை பார்த்து வரலாம்.