கேம்ப் கவுன்சிலராக வெளிநாடு போகும் முன்

புனேயில் படிக்க வந்த தமிழ் மாணவர்களும், ஹிஞ்சவடி ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்க்கும் இளைஞர்களும் இப்போது ஆர்வத்தோடு விசாரிக்கும் ஒன்று, வெளிநாட்டில் குழந்தைகளுக்காக நடக்கும் ஆங்கில கேம்ப். நல்ல ஆங்கிலம் பேசத் தெரியும், குழந்தைகள் என்றால் பிரியம், ஒரு நாட்டைப் பார்த்தது போலவும் இருக்கும், போகலாமா? போகலாம். ஆனால் அந்த கேம்ப் எப்படி நடக்கிறது, இந்தியர்களுக்கு எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். குழந்தைகளோடு பழகிய அனுபவத்தையும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். அதற்குப் புனேயைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

ஆங்கிலம் வீட்டில் பேசப்படாத நாடுகளில் எட்டு வயது முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகளை ஒன்றிரண்டு வாரம் ஓரிடத்தில் தங்க வைத்து, காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும் வரை எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் நடத்துவார்கள். வகுப்பு உண்டு, ஆனால் அது சிறு பங்குதான். பந்தைக் கேட்க, இன்னொரு துண்டு ரொட்டி கேட்க, வயிறு வலிக்கிறது என்று சொல்ல, பக்கத்துக் கட்டில் பையன் மேல் புகார் சொல்ல, எதற்கும் ஆங்கிலம் வேண்டும். தேவை வந்துவிட்டால் வாய் தானே திறக்கும் என்பதுதான் இதன் அடிப்படை.

இந்த முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் கன்கார்டியா கல்லூரி 1961இல் பிள்ளைகளுக்கு ஜெர்மன் சொல்லித்தர ஒரு கோடைக்கால கேம்ப் தொடங்கியது. இன்று அங்கே பல மொழிகளுக்குத் தனித்தனி ‘கிராமங்கள்’ இருக்கின்றன. உள்ளே நுழையும் பிள்ளைக்கு அந்த மொழியில் ஒரு புதுப்பெயர் கிடைக்கும். கையில் இருக்கும் டாலரை அந்த நாட்டுப் பணமாக மாற்றிக்கொண்டுதான் தின்பண்டம் வாங்க முடியும். தென்கொரியா இதைப் பிரமாண்டமாகச் செய்துபார்த்தது. சியோலுக்கு அருகே பாஜு நகரில் 2006இல் திறந்த ஆங்கில கிராமத்தில் குடியேற்றச் சாவடி, வங்கி, தபால் நிலையம் எல்லாம் கட்டிவைத்து, பிள்ளைகளை ஆங்கிலத்திலேயே புழங்க விட்டார்கள். கொரியாவின் இத்தகைய கிராமங்கள் பலவும் பிற்காலத்தில் நஷ்டத்தில் ஓடின. கட்டடத்தை நம்பிய அளவுக்கு மனிதர்களை நம்பவில்லை என்பது என் எண்ணம். சில நாள் வந்து போகும் பிள்ளையை முதல் மணி நேரத்திலேயே பேச வைப்பது, அதன் அருகில் உட்காரும் ஆள்தான்.

அந்த ஆள்தான் கவுன்சிலர். பெயர் பெரிதாக இருந்தாலும் நடைமுறையில் பிள்ளைகளோடு அதே கூடத்தில் தங்கும் அண்ணன், அக்கா. எழுப்பிவிட வேண்டும், பல் தேய்த்தார்களா பார்க்க வேண்டும், மூன்றாம் நாள் இரவு அம்மாவை நினைத்து அழுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார வேண்டும். இலக்கணம் சொல்லித்தருவது இந்த வேலையில் கடைசி. பிழையாகப் பேசும் பிள்ளையைத் திருத்தாமல், அது சொல்ல வந்ததைப் புரிந்துகொண்டு, சரியான வாக்கியத்தில் இயல்பாகப் பதில் சொல்லத் தெரிய வேண்டும். திருத்தினால் அந்தப் பிள்ளை அடுத்த வாக்கியத்தை விழுங்கிவிடும். இது கேட்க எளிது. பத்து மணி நேரம் விடாமல் செய்வது கடினம்.

இனி, யாருக்கு எந்தக் கதவு என்று பார்ப்போம். ஐரோப்பாவிலும் கிழக்காசியாவிலும் பல கேம்ப்கள் ‘தாய்மொழியாக ஆங்கிலம் பேசுபவர்’ வேண்டும் என்று கேட்கும். அதை அவர்கள் அளப்பது பெரும்பாலும் பாஸ்போர்ட்டை வைத்து. கொரிய அரசுப் பள்ளிகளின் ஆங்கில ஆசிரியர் திட்டம் நெடுங்காலமாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என ஏழு நாட்டுக் குடிமக்களை வைத்தே நடந்தது. கான்வென்ட்டில் படித்து, ஆங்கிலத்திலேயே கனவு காணும் சென்னைப் பெண்ணும் இந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்பாள். இது நியாயமில்லை. ஆனாலும் விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுத் தெளிந்துவிடுங்கள்.

இந்தியர்களுக்குத் திறந்திருக்கும் வழிகளும் உண்டு. 1948இல் தொடங்கிய ஐசெக் என்ற மாணவர் அமைப்பு 18 முதல் 30 வயது வரையுள்ளவர்களைச் சில வாரங்களுக்கு வெளிநாட்டுத் தொண்டுப் பணிக்கு அனுப்புகிறது. அவற்றில் பள்ளிப் பிள்ளைகளுக்கான மொழி, பண்பாட்டுத் திட்டங்களும் இருக்கும். இதற்குக் கட்டணம் உண்டு, விமானச் செலவும் நம்முடையதே. சி.ஐ.எஸ்.வி. என்ற அமைப்பு இன்னொரு வகை. அமெரிக்கக் குழந்தை உளவியலாளர் டோரிஸ் ஆலன் தொடங்கியது. முதல் கேம்ப் 1951இல் சின்சினாட்டியில் நடந்தது. பல நாடுகளிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளைகள் நால்வர் நால்வராக, ஒரு பெரியவரின் துணையோடு வந்து சுமார் நான்கு வாரம் சேர்ந்து வாழ்வார்கள். பொது மொழி ஆங்கிலம். அதில் 16, 17 வயதுப் பிள்ளைகளே ஜூனியர் கவுன்சிலர்களாகப் போகலாம். பதினொன்றாம் வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு இது பொருந்தும்.

அமெரிக்காவில் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசாவில் கேம்ப் கவுன்சிலருக்கென்றே தனிப் பிரிவு உண்டு. 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஆங்கிலம் நன்றாகத் தெரிய வேண்டும், அதிகபட்சம் நான்கு மாதம். அங்கீகாரம் பெற்ற ஸ்பான்சர் நிறுவனம் நேர்காணல் செய்து, டி.எஸ்-2019 என்ற படிவம் தந்த பிறகுதான் மும்பையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா கேட்க முடியும். இது கூலியில்லாத தொண்டு அல்ல. அதே வேலை செய்யும் அமெரிக்கக் கவுன்சிலருக்கு இணையான சம்பளமும் சலுகைகளும் தர வேண்டும் என்பது விதி. சமையலறை வேலைக்கோ ஆபீஸ் வேலைக்கோ இந்த விசாவில் ஆள் எடுக்கக் கூடாது என்பதும் விதி. அங்கே பெரும்பாலும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளோடுதான் இருப்பீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். கேம்ப்கள் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்கும். உங்கள் செமஸ்டர் தேர்வோடு மோதுகிறதா என்று முதலில் பாருங்கள்.

விசாவில் ஓர் எச்சரிக்கை. ‘சுற்றுலா விசா எடுத்து வந்துவிடுங்கள், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று எவரேனும் சொன்னால் அத்தோடு அவரை விட்டுவிடுங்கள். சம்பளமில்லாத தொண்டுக்கும் நாட்டுக்கு நாடு விதி வேறு. பிரிட்டனில், பார்வையாளர் விசாவில் வந்தவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரைதான் தொண்டு செய்யலாம். எந்த நாடானாலும் அதன் தூதரக விதியை நீங்களே படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது பிள்ளைகளின் பாதுகாப்பு. உங்களைப் பற்றி எதுவும் விசாரிக்காமல், பணம் கட்டியதும் குழந்தைகள் நடுவே கொண்டுபோய் விடும் அமைப்பு நல்ல அமைப்பு அல்ல. நல்ல அமைப்பானால் உங்களிடம் போலீஸ் சான்றிதழ் கேட்க வேண்டும். இந்தியாவில் அதைப் பாஸ்போர்ட் அலுவலகம் வழியாகவே வாங்கலாம், புனேயிலும் அந்த அலுவலகம் உண்டு. உங்களைத் தெரிந்த இருவரிடம் அமைப்பினர் பேச வேண்டும். ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது, அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது, பிள்ளை ஏதேனும் துன்பத்தைச் சொன்னால் யாரிடம் சொல்ல வேண்டும் என்றெல்லாம் எழுத்தில் தர வேண்டும். கேம்ப்காரர்கள் இவற்றைக் கேட்காவிட்டால், நீங்கள் கேளுங்கள். பதில் தெளிவாக வராத இடத்துக்குப் போகாதீர்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு புனேக்கு வருகிறேன். இந்த ஊரில் ஏழைக் குழந்தைகள் ஆங்கிலத்துக்கு ஏங்குவது நேற்றைய நாகரிகம் அல்ல. இங்கிருந்த பிடே வாடா என்ற வீட்டில் 1848இல் பெண்களுக்குப் பள்ளி நடத்திய சாவித்ரிபாய் புலே, 1854இல் வெளியிட்ட தம் கவிதைத் தொகுப்பிலேயே ஒடுக்கப்பட்டவர்கள் ஆங்கிலம் கற்க வேண்டும் என்று பாடியிருக்கிறார். மகாராஷ்டிர அரசு 2000இல் மராத்தி வழிப் பள்ளிகளிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலத்தைக் கொண்டுவந்தது. புத்தகம் வந்துவிட்டது, பேசுவதற்கு ஆள் வரவில்லை. வீட்டில் இல்லை, தெருவில் இல்லை, பல பள்ளிகளில் ஆசிரியருக்கே தயக்கம்.

அந்த இடத்தை நிரப்ப முன்வந்தவர்கள் உண்டு. ஷாஹீன் மிஸ்திரி மும்பையில் கல்லூரி மாணவியாக இருந்தபோது, பள்ளி முடிந்து காலியாக இருந்த வகுப்பறையில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளை வைத்து, உடன் படித்தவர்களையே தொண்டர்களாக்கித் தொடங்கியதுதான் ஆகாங்க்ஷா. பின்னர் அது புனேக்கும் வந்து, மாநகராட்சியோடு கைகோத்து ஆங்கில வழிப் பள்ளிகளை நடத்துகிறது. அவரே தொடங்கிய டீச் ஃபார் இந்தியா, 2009இல் தன் முதல் அணியை இறக்கியது புனேயிலும் மும்பையிலும்தான். அது உதவித்தொகையோடு இரண்டு ஆண்டு முழுநேரப் பணி. அவ்வளவு காலம் தர முடியாதவர்கள் வாரம் ஒருமுறை வருவதற்கும் இந்த ஊரில் இடங்கள் உண்டு. கட்டுமான இடங்களில் வாழும் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காக உழைக்கும் டோர் ஸ்டெப் ஸ்கூல் அதில் ஒன்று. அங்கே முதல் தேவை ஆங்கிலம் அல்ல, எழுத்தறிவு. கட்டடம் முடிந்ததும் குடும்பமே வேறிடம் போய்விடும் பிள்ளைகள் அவர்கள். கட்கி, தேஹு ரோடு பகுதிகளில் ராணுவத்தையும் வெடிமருந்துத் தொழிற்சாலையையும் ஒட்டித் தலைமுறைகளாகக் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று நான்கு மொழியில் வாழும் அவர்களோடு ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பேசினாலே அது ஒரு கேம்ப்.

புனேக்கு வெளியேயும் ஒரு முன்மாதிரி உண்டு. புனேயிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டரில், சாதாரா மாவட்டத்து பல்டனில் இருக்கிறது கமலா நிம்ப்கர் பால்பவன். அமெரிக்காவில் பிறந்து, மராத்தி கற்று, இந்தியக் குடியுரிமை பெற்ற மொழியியலாளர் மாக்சின் பெர்ன்ட்சன் உருவாக்கிய பள்ளி. ஆங்கிலம் தாய்மொழியான அவர், அந்தப் பள்ளியை மராத்தி வழியில் நடத்தினார் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகள் கணினி வழியே தாமே கற்கலாம் என்று சொன்ன கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் ‘ஸ்கூல் இன் தி கிளவுட்’ கூடங்களில் ஒன்றும் பல்டனில் அமைந்தது. 2009 முதல் கணினி வழியே பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் கதைபேசிவந்த ‘கிரானி கிளவுட்’ தொண்டர்கள் இத்தகைய கூடங்களோடு இணைந்தார்கள். பலர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பாடம் நடத்துவதில்லை, கதை படிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், வியப்பார்கள்.

அந்த வியப்புக்கு ஒரு தமிழ்ச் சான்று உண்டு. காளிகுப்பம் என்ற கிராமத்தில் தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகளிடம் மித்ரா குழுவினர் ஆங்கிலத்தில் உயிரியல் பாடங்கள் நிறைந்த கணினியை விட்டுச் சென்றார்கள். பிள்ளைகள் தாமே ஓரளவு கற்றார்கள். பாடமே தெரியாத ஓர் இளம்பெண் பின்னால் நின்று ‘அட, இது எப்படிச் செய்தாய்?’ என்ற விதத்தில் ஊக்கியதும் மதிப்பெண் இன்னும் ஏறியது. 2010இல் வெளியான இந்த ஆய்வை எல்லாக் கல்வியாளர்களும் ஏற்கவில்லை. மித்ராவின் முறை ஆசிரியரின் தேவையைக் குறைத்துச் சொல்கிறது என்ற விமர்சனம் உண்டு. எனக்கும் ஆசிரியரில்லாத பள்ளியில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பெண் செய்ததுதான் கேம்ப் கவுன்சிலரின் வேலை.

இரண்டு வாரத்தில் பிள்ளையின் ஆங்கிலம் மலைபோல் வளர்ந்துவிடாது. வளர்வது துணிச்சல். அதுவும் ஊர் திரும்பிய பிறகு பேச ஆளில்லாவிட்டால் வாடிவிடும். அதனால்தான் வாரம் தவறாமல் ஓர் ஆண்டு வரும் உள்ளூர்த் தொண்டர், கடல் தாண்டி வந்து போகும் தொண்டரைவிட ஒரு பிள்ளைக்கு அதிகம் தர முடியும் என்கிறேன். அதோடு, தாய்மொழியில் பேசிய பிள்ளைக்கு அபராதம் போடும் கேம்ப்பில் சேராதீர்கள். அழுகிற பிள்ளை தன் மொழியில்தான் அழும்; அந்த நேரத்தில் ஆங்கிலத்தை வற்புறுத்துவது கொடுமை.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கும் முன், இங்கே ஓர் ஆண்டு ஒரே பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். எந்த நேர்காணலிலும் கேட்பார்கள், குழந்தைகளோடு என்ன செய்திருக்கிறீர்கள் என்று. அதற்கு உண்மையான பதில் உங்களிடம் இருக்கும். மகாராஷ்டிரப் பள்ளிகள் பெரும்பாலும் ஜூன் நடுவில் திறக்கின்றன; உங்கள் பகுதி மாநகராட்சிப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்க அதுவே சரியான நேரம்.