இரண்டே ஊரில் தங்கி, பஸ்ஸிலேயே இலங்கை பார்த்து வருவோம்!



"வெளிநாட்டுச் சுற்றுலா எல்லாம் நமக்கா?" என்று பல குழுக்களில் கேட்கிறாங்க. நமக்கும்தான்! ஆடு வளர்த்து, பால் ஊற்றி, நூறு நாள் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசு. அதில் ஒரு பங்கை நம்ம சந்தோஷத்துக்குச் செலவு செய்வதில் தப்பே இல்லை. ஆனா அந்தக் காசு ஏஜெண்டுக்கும் வேன் வாடகைக்கும் போயிடக்கூடாது. அதற்கு ஒரு எளிய வழி இருக்கு. தினம் ஒரு ஊர் என்று ஓடாமல், இரண்டு ஊரை மட்டும் தேர்ந்தெடுத்துத் தங்குவது. அங்கிருந்து பொதுப் பஸ்ஸில் சுற்றியுள்ள இடங்களைப் பார்த்து, ராத்திரி அதே அறைக்குத் திரும்புவது.

நமக்குப் பக்கத்து நாடான இலங்கையை வைத்தே இதை விளக்குகிறோம். யாழ்ப்பாணம் ஒரு ஊர், திருகோணமலை ஒரு ஊர். இரண்டிலும் தமிழ் பேசுறாங்க. பஸ் போர்டில் தமிழ் இருக்கும். கண்டக்டரிடம் வழி கேட்க யாருடைய உதவியும் வேண்டாம்.

ஏன் இரண்டு ஊர் மட்டும்?

தினமும் ஊர் மாறினால் தினமும் மூட்டை தூக்கணும், ஆட்டோ பிடிக்கணும், புது அறை தேடணும். ஒவ்வொரு மாற்றத்திலும் அரை நாளும் காசும் போகும். ஒரே விடுதியில் சேர்ந்தாற்போல மூன்று இரவு என்றால் வாடகையைக் குறைத்துக் கேட்கலாம். பையை அறையில் வைத்துவிட்டு கைப்பையோடு கிளம்பலாம். ஒருத்திக்கு உடம்பு முடியலைன்னா அன்றைக்கு அறையிலேயே இருக்கலாம். மற்றவங்க பயணம் கெடாது. இரண்டாம் நாளே டீக்கடைக்காரரும் பஸ் ஸ்டாண்டும் பழகிப் போயிடும். பெண்களாகப் போகும்போது இந்தப் பழக்கம்தான் பெரிய பாதுகாப்பு.

எப்படிப் போவது?

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் உள்ள காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் போகுது. 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தது. சுமார் 4 மணி நேரப் பயணம். மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும்போது நிறுத்திவிடுவாங்க. 2024 நவம்பரில் நிறுத்தி, 2025 பிப்ரவரியில்தான் திரும்ப விட்டாங்க. எல்லா நாளும் ஓடும் என்றும் நினைக்க வேண்டாம். தேதியை உறுதி செய்த பிறகே மற்ற ஏற்பாடு.

போக நல்ல மாதங்கள் மே முதல் செப்டம்பர் வரை. அப்போது திருகோணமலைப் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். ஆனா ஆடி, ஆவணியில் நல்லூர் திருவிழா 25 நாள் நடக்கும். திருவிழா பார்க்கணும்னா அறையை ரொம்ப முன்னாடியே சொல்லி வைக்கணும். கூட்டம் வேண்டாம்னா அந்த நாட்களைத் தவிர்க்கலாம்.

என்னென்ன காகிதம் வேணும்?

* பாஸ்போர்ட்: ஆதார் அட்டை, ஓட்டு அட்டை செல்லாது. சாதாரண முறையில் 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு அரசுக் கட்டணம் 1,500 ரூபாய். 10 வருஷம் செல்லும். பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணத்திலும் ஒன்றாக இருக்கணும். வித்தியாசம் இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்க. பயண நாளில் இன்னும் 6 மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும்.
* படிக்காதவர்களுக்கு: பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் 'ஈ.சி.ஆர்.' என்று வரும். பயப்பட வேண்டாம். அது சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏமாற்றாமல் பாதுகாக்க வைத்த விதி. இலங்கைக்குச் சுற்றுலா போக அது தடை இல்லை.
* இலங்கை அனுமதி: கிளம்பும் முன்பே கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். இதற்கான கட்டணம் அடிக்கடி மாறுகிறது. சில காலம் தள்ளுபடியும் இருந்தது. இலங்கை அரசின் குடிவரவுத் துறை இணையதளத்தில் மட்டும் பாருங்க. அரசு முத்திரை மாதிரி படம் போட்டு அதிகக் காசு பிடுங்கும் தனியார் பக்கங்களும் உண்டு.
* திரும்பும் டிக்கெட், தங்கும் விடுதியின் முகவரி: இரண்டையும் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்க.

எட்டு நாள், ஏழு இரவு: ஒரு மாதிரித் திட்டம்

*யாழ்ப்பாணம் – 3 இரவு*

காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 20 கிலோமீட்டர். பஸ் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகிற தூரத்தில் அறை எடுங்க. ஆட்டோ செலவு பாதி குறையும்.

முதல் நாள் மாலை நல்லூர் கந்தசாமி கோவில். இரண்டாம் நாள் நயினாதீவு நாகபூஷணி அம்மன். பஸ்ஸில் குறிகட்டுவான் துறை வரை போய், அங்கிருந்து படகு. கடலுக்கு நடுவே போட்ட சாலையில் பஸ் போவதே பார்க்க வேண்டிய காட்சி. காலையிலேயே கிளம்பிடணும்; திரும்பும் கடைசிப் படகு, கடைசி பஸ் நேரத்தைப் போகும்போதே கேட்டு வைக்கணும். மூன்றாம் நாள் கீரிமலைக் கேணி, நகுலேஸ்வரம் கோவில். கேணியில் பெண்கள் குளிக்கத் தனி இடம் உண்டு. மாலையில் கோட்டையும் நூலகமும் பார்க்கலாம். 1981-இல் எரிக்கப்பட்டு, பிறகு திரும்பக் கட்டப்பட்ட நூலகம் அது.

*திருகோணமலை – 3 இரவு*

நான்காம் நாள் பஸ் பயணம். கிட்டத்தட்ட 6, 7 மணி நேரம் ஆகும். நேரடி பஸ் கிடைக்காவிட்டால் வவுனியாவில் இறங்கி மாறலாம். ஆனையிறவு, கிளிநொச்சி வழியாகப் போகும். காலை பஸ்ஸைப் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் அறைக்குப் போயிடலாம்.

கோணேஸ்வரம், ஞானசம்பந்தர் தேவாரம் பாடிய தலம். கடலுக்கு மேலே பாறை உச்சியில், கோட்டைக்குள் இருக்கு. போகும் வழியில் புள்ளிமான்கள் நிற்கும். மறுநாள் கன்னியா வெந்நீர் ஊற்று. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. பஸ்ஸில் போய் வந்துவிடலாம். நேரம் இருந்தால் நிலாவெளிக் கடற்கரைக்கும் பஸ் இருக்கு.

*மறுபடி யாழ்ப்பாணம் – 1 இரவு*

கப்பலுக்கு முந்தின ராத்திரி கட்டாயம் யாழ்ப்பாணத்தில் இருக்கணும். காலையில் திருகோணமலையிலிருந்து கிளம்பிக் கப்பல் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டால் கப்பல் போயிடும்! முதலில் தங்கிய அதே விடுதியில் இந்த இரவையும் முன்கூட்டியே சொல்லி வைத்தால், வேண்டாத மூட்டையை அங்கேயே விட்டுவிட்டுத் திருகோணமலை போகலாம்.

கணக்கு போடுவோமா?

கப்பல் கட்டணம் 2024-இல் மறுபடி தொடங்கியபோது ஒரு வழிக்குச் சுமார் 5,000 ரூபாய். அதை வைத்து, ஒருவருக்கு நாங்கள் போட்ட உத்தேசக் கணக்கு இது (நம்ம பணத்தில்):

* கப்பல், போக வர – 10,000
* அறை வாடகையில் ஒருவர் பங்கு (இரண்டு பேருக்கு ஒரு அறை), 7 இரவு × 750 – 5,250
* சாப்பாடு, 8 நாள் × 500 – 4,000
* பஸ், படகு, கொஞ்சம் ஆட்டோ – 2,000
* நாகப்பட்டினம் போக வர – 500
* அனுமதி, போன், அவசரக் கையிருப்பு – 3,250
* மொத்தம் – 25,000

பாஸ்போர்ட் செலவு தனி. கிளம்பும் முன் அன்றைய விலையைக் கேட்டு, உங்க குழுவே இந்தக் கணக்கை மாற்றி எழுதுங்க.

பணத்தை எப்படிச் சேர்ப்பது?

குழுவின் உள்கடன், சுழல்நிதி, வங்கிக் கடன் இவற்றைத் தொடவே கூடாது. அது பிழைப்புக்கான பணம். தவணை கட்ட முடியாமல் போனால் பாதிக்கப்படுவது போனவங்க மட்டும் இல்லை, மொத்தக் குழுவும்தான். போக விரும்புகிறவங்க தங்கள் பெயரில் வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். மாதம் 1,000 வீதம் 24 மாதம் போட்டால் 24,000. வட்டியோடு 25,000-ஐத் தொடும். தபால் ஆபீஸ் தொடர் வைப்பு 5 வருஷக் கணக்கு என்பதால் இதற்குச் சரிப்படாது. யார் கையிலும் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்து வைக்காதீங்க.

இலங்கைப் பணமும் ரூபாய்தான். ஆனா நம்ம 1 ரூபாய்க்கு அங்கே 3 ரூபாய்க்கும் மேல் கிடைக்கும். விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம், மூன்றால் வகுத்துப் பாருங்க. வங்கியிலோ உரிமம் உள்ள கடையிலோ மாற்றி ரசீது வாங்குங்க.

கவனிக்க வேண்டியவை

* நம்ம ஊரில் 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். அங்கே அப்படி இல்லை. ஏறியதும் டிக்கெட் கேட்டு வாங்குங்க. சிவப்பு பஸ் அரசு பஸ். தனியார் பஸ்ஸும் ஓடும்.
* அங்கே ஒவ்வொரு பௌர்ணமியும் அரசு விடுமுறை. வங்கி இருக்காது. நீண்ட பயணத்தை அன்றைக்கு வைக்காதீங்க.
* யார் எந்தப் பொட்டலம் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. "எங்க அக்காகிட்ட கொடுத்திடுங்க" என்று கெஞ்சினாலும் கூடாது! உள்ளே தங்கமோ போதைப் பொருளோ இருந்தால் மாட்டுவது நாம்தான். நகையையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்க.
* விதை, செடி கொண்டு போகவோ கொண்டு வரவோ வேண்டாம்.
* சுகர், பிரஷர் மாத்திரையை எட்டு நாளைக்கு அல்ல, பதினைந்து நாளைக்கு எடுத்துக்கொள்ளுங்க. டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். காற்று மாறினால் கப்பல் தள்ளிப் போகலாம். கப்பலில் வாந்தி வராமல் இருக்கவும் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்குங்க.
* அவசரத்துக்கு அங்கே போலீஸ் எண் 119, ஆம்புலன்ஸ் எண் 1990.
* புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுக்கக் கூடாது.
* போர் 2009 மே மாதம் முடிந்தது. ஆனா இழப்பு இல்லாத வீடு அங்கே குறைவு. அவங்களா சொன்னால் காது கொடுத்துக் கேளுங்க. நாமாகக் கிளறி விசாரிக்க வேண்டாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் பாதையை விட்டு இறங்கவே கூடாது.

அங்கேயும் 'மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம்' என்று ஊருக்கு ஊர் பெண்கள் சங்கம் வைத்திருக்காங்க. முடிந்தால் ஒரு சங்கத்தைப் பார்த்துப் பேசுங்க. அவங்க என்ன தொழில் செய்றாங்க, எப்படிச் சேமிக்கிறாங்க என்று கேட்டு வந்தால் நம்ம குழுவுக்கும் லாபம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசியுங்க. விருப்பம் உள்ள நாலு பேர் சேர்ந்தால் போதும். முதல் வேலை பாஸ்போர்ட், இரண்டாவது தொடர் வைப்பு. மற்றது எல்லாம் அடுத்த இரண்டு வருஷத்தில் பேசித் தீர்க்கலாம்.

சேமிப்போம்! சேர்ந்து போவோம்! பத்திரமாகத் திரும்பி வருவோம்!