கை நொடித்த வேளையிலும் அமானிதம்



பூனாகலைத் தோட்டப் பாதையில் முச்சக்கரவண்டியில் பாணும் பணிஸும் விற்று வாழும் ஒரு வாலிபரை எண்ணிப் பாருங்கள். வண்டி லீசிங்கில் பெற்றது. மா பிசையும் இயந்திரம் மாத வாடகைக்கு எடுத்தது. 2022 ஆம் ஆண்டில் நாடே வங்குரோத்து நிலையை அடைந்து, எரிபொருளுக்கு மக்கள் வரிசையில் நின்றபோது, இத்தகைய எத்தனையோ சிறு தொழில்கள் நொடித்துப் போயின. தவணை தவறுகிறது, மாக்கடைக் கடனும் ஏறுகிறது. அவ்வேளை ஷைத்தான் மெல்ல ஊசலாட்டத்தை உண்டாக்குகிறான்: "வண்டியை மாமா வீட்டில் மறைத்து வை, பேட்டரியையும் டயரையும் கழற்றி விற்றுவிடு."

இங்கே மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலாவது, கடன் வேறு, வாடகைப் பொருள் வேறு. கடனாகப் பெற்ற பணம் நமக்குச் சொந்தமாகி, அதை அடைக்கும் பொறுப்பு நம்மீது நிற்கும். வாடகைப் பொருளோ எந்நாளும் உரிமையாளருக்கே சொந்தம். அது நம் கையில் உள்ள அமானிதம். இலங்கையின் 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் அடிப்படையும் இதுவே: பொருளைப் பயன்படுத்துபவர் ஒருவர், உரிமையாளர் இன்னொருவர். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு ஸூரத்துன் நிஸாவின் 58 ஆவது வசனத்தில் அல்லாஹ் கட்டளையிடுகின்றான்.

இரண்டாவது, நொடித்துப் போனவரிடம் தான் விற்ற பொருளை அப்படியே காண்பவர், ஏனைய கடன்காரர்களை விட அதற்கு அதிக உரிமையுடையவர் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் உள்ளது. விற்ற பொருளுக்கே இவ்வுரிமை என்றால், விற்காமல் வாடகைக்கு மட்டும் கொடுத்த பொருளைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? அதை விற்று மாக்கடைக் கடனை அடைப்பதும் ஆகாது. ஒருவரின் உரிமையைப் பறித்து இன்னொருவரின் உரிமையை நிறைவேற்ற முடியாது.

ஹிஜ்ரி 8 இல் ஹுனைன் போருக்கு முன் நபி (ஸல்) அவர்கள் ஸஃப்வான் இப்னு உமையாவிடம் போர்க் கவசங்களை இரவல் பெற்றார்கள். திருப்பித் தருவதாகப் பொறுப்பேற்றார்கள். சில கவசங்கள் தொலைந்தபோது ஈடு செய்யவும் முன்வந்தார்கள் என அறிவிக்கப்பட்டுள்ளது.

ஆகவே வாலிபர்களே, தொழில் தளரும்போது ஒளியாதீர்கள். நிறுவனம் தேடி வருமுன் நீங்களே சென்று நிலைமையைச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தை வாசித்து, மீதித் தவணைக்கு என்ன நிபந்தனை உள்ளது என்று கேட்டறியுங்கள். பொருளைக் கையளிக்கும்போது அதன் நிலையைப் படம் பிடித்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். கவனக்குறைவின்றி வழமையான பாவனையால் ஏற்பட்ட தேய்மானம் உங்கள் குற்றமல்ல. ஆனால் பயன்படுத்திய காலத்திற்குரிய நிலுவை வாடகை கடனாகவே நிற்கும். பொருளைக் கொடுத்ததால் அது அழிந்துவிடாது.

பெற்றோர்களே, பிள்ளையின் வண்டியை மறைக்க உங்கள் முற்றத்தைக் கொடுக்காதீர்கள். ஒப்படைக்கச் செல்லும்போது கூடச் செல்லுங்கள்.

கொடுத்தவர்களுக்கும் கடமை உண்டு. கஷ்டத்தில் இருப்பவருக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்குமாறு ஸூரத்துல் பகராவின் 280 ஆவது வசனம் ஏவுகின்றது. பழ வியாபாரத்தில் நட்டமடைந்து கடனில் மூழ்கிய ஒருவருக்கு உதவுமாறு நபி (ஸல்) அவர்கள் மக்களைத் தூண்டினார்கள். அதுவும் போதாதபோது, கிடைப்பதைப் பெற்றுக்கொள்ளுமாறும் அதற்கு மேல் இல்லை என்றும் கடன்காரர்களிடம் கூறினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. ஸகாத் பெறத் தகுதியான எட்டுக் கூட்டத்தாரில் கடனாளியும் ஒருவர் என்பதை ஊர் ஜமாஅத்தினர் மறந்துவிடலாகாது.

உண்மையான வங்குரோத்துக்காரர் யார்? தொழுகை, நோன்பு, ஸகாத்துடன் மறுமைக்கு வந்தும், பிறர் பொருளை உண்டதாலும் பிறருக்கு அநீதி இழைத்ததாலும் தன் நன்மைகளை இழந்து நிற்பவரே என நபி (ஸல்) அவர்கள் விளக்கினார்கள். இவ்வுலக நட்டம் ஒரு நாள் தீரும். அந்த நட்டத்திற்கு ஈடு இல்லை.

வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் அமானிதம் பேணுவோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.